தென்மேற்குக் கச்சான் காற்றில் எந்த வட்டு நேராகப் போகும்?

வட்டை எறிந்து, முடிந்தவரை குறைந்த எறிகளில் சங்கிலிக் கூடையில் சேர்க்கும் ஆட்டம் டிஸ்க் கோல்ஃப். அதற்கு வட்டு வாங்குகிறவர்கள் அநேகமாக வட்டின் முகத்தில் இருக்கும் நான்கு எண்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். 12, 5, -1, 3 என்றிருந்தால் வெகுதூரம் போகும் வட்டு. 2, 3, 0, 1 என்றிருந்தால் கூடைக்குப் போடும் வட்டு. அந்த எண்களில் பொய் இல்லை. ஆனால் அவை காற்று அடங்கிய மைதானத்துக்கான எண்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், உச்சிப்புளி, பாம்பன் பக்கம் அப்படி அடங்கிய காற்று வருஷத்தில் கொஞ்ச நாள்தான் கிடைக்கும், அதுவும் விடியற்காலையில். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தினார்கள். 175 கிராம் பிளாஸ்டிக் எந்த மூலைக்கு? அதனால் இந்த மதிப்பீட்டில் எல்லா வட்டுக்கும் ஒரே கேள்விதான்: முகத்துக்கு நேரே காற்று அடிக்கும்போது எறிந்தால் நினைத்த இடத்துக்குப் போகிறதா?

ஃபிரிஸ்பீயோ, அதை வைத்து அணியாக ஆடும் அல்டிமேட்டோ ஆடிப் பழகியவர்கள் முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அல்டிமேட் வட்டு 175 கிராம், குறுக்களவு 27 செ.மீ.க்குச் சற்று அதிகம். கோல்ஃப் வட்டும் ஏறக்குறைய அதே எடைதான், ஆனால் குறுக்களவு 21 செ.மீ.தான். விளிம்பு கத்திபோல் சரிந்திருக்கும். எடை குறுகிய இடத்தில் அடைந்திருப்பதாலும், விளிம்பு கூராக இருப்பதாலும் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அதற்கு விலையும் உண்டு. மெதுவாக எறிந்தால் மிதக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து விழும். போட்டி விதியில் எடைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்: குறுக்களவில் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராம். 21.1 செ.மீ. வட்டுக்கு அது 175 கிராம், 21.7 செ.மீ. வட்டுக்கு 180 கிராம். காற்றுள்ள ஊரில் இந்த உச்ச எடையை ஒட்டியே வாங்குவது நல்லது. 150 கிராம் வட்டு புதுக் கைக்கு எளிது என்பது உண்மை. ஆனால் ஆடி மாதத்து அரியமான் கடற்கரையில் அது பட்டம் மாதிரி மேலே ஏறிவிடும்.

நான்கு எண்களில் முதலாவது ஸ்பீட். வட்டு எண்ணில் காட்டியபடி பறக்க எவ்வளவு வேகம் கேட்கிறது என்பதே அதன் பொருள். வட்டு அந்த வேகத்தை உங்களுக்குக் கொடுக்கும் என்று எடுத்துக்கொண்டால் பணம் வீண். இரண்டாவது கிளைட், அதாவது மிதப்பு. மூன்றாவது டர்ன், வேகமாகப் போகும்போது வலப்பக்கம் சாயும் அளவு. கழித்தல் எண் பெரிதாகப் பெரிதாகச் சாய்வும் அதிகம். நான்காவது ஃபேடு, வேகம் குறைந்து கடைசியில் இடப்பக்கம் மடியும் அளவு. இந்த வலமும் இடமும் வலக்கையால் பேக்ஹேண்ட், அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசி, எறிகிறவருக்குரியவை. இடக்கைக்காரருக்கும், வலக்கையால் ஃபோர்ஹேண்ட் எறிகிறவருக்கும் அப்படியே மாற்றிப் படிக்க வேண்டும். கீழே எல்லாமே வலக்கை பேக்ஹேண்டுக்குச் சொன்னது.

ஏன் வலம் போய் இடம் திரும்புகிறது என்பது தெரிந்தால் காற்றின் கணக்கும் தானே விளங்கும். வட்டின் மேல் காற்று தரும் தூக்குவிசை சரியாக நடுவில் விழுவதில்லை. வேகமாகப் போகும்போது அது நடுவுக்குச் சற்றுப் பின்னால் விழுந்து முனையை, அதாவது முன்விளிம்பை, கீழே அழுத்தப் பார்க்கும். வேகம் குறைந்ததும் முன்னால் நகர்ந்து முனையைத் தூக்கப் பார்க்கும். சுழலாத பொருளாக இருந்தால் முனைதான் ஏறி இறங்கும். வட்டு சுழல்வதால் அந்த விசை பம்பரத்தைத் தட்டியதுபோல் பக்கவாட்டுச் சாய்வாக மாறுகிறது. முனையை அழுத்தும் விசை வலச்சாய்வு, முனையைத் தூக்கும் விசை இடச்சாய்வு. சுழற்சி குறைவாக இருந்தால் இரண்டு சாய்வும் கூடும். புதியவர் கையிலிருந்து வட்டு தள்ளாடிக்கொண்டு போய் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் வட்டு இல்லை, மணிக்கட்டில் சுழற்சி பிறக்காததுதான்.

இப்போது காற்று. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எறிகிறீர்கள், எதிரே 20 கி.மீ. காற்று. வட்டுக்குத் தரையைப் பற்றிக் கவலை இல்லை. அது உணர்வது 100 கி.மீ. காற்றை. தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 100-ஐ 80-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 1.56. அதாவது ஒன்றரை மடங்குக்கு மேல் தூக்கு, கூடவே வலச்சாய்வும் அதிகம். அதே காற்று முதுகில் அடித்தால் வட்டு உணர்வது 60 கி.மீ. இருமடி 0.56. தூக்கு ஏறக்குறைய பாதியாகிவிடும், வட்டு சீக்கிரம் இடப்பக்கம் மடிந்து பொத்தென்று விழும். எதிர்காற்றில் எந்த வட்டும் தன் எண்ணைவிட வலப்பக்கம் சாயும், பின்காற்றில் எந்த வட்டும் தன் எண்ணைவிட இடப்பக்கம் மடியும். இதை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு வட்டுகளைப் பார்ப்போம்.

முதலில் இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர், 12, 5, -1, 3. உலகம் முழுக்க அதிகம் பேசப்படும் தூர டிரைவர்களில், அதாவது நெடுந்தூரம் எறியும் வட்டுகளில், ஒன்று. விளிம்பு மட்டும் 2.2 செ.மீ. அகலம், சின்னக் கையில் பிடிக்கவே சிரமம். 100 மீட்டருக்கு மேல் எறியும் கையில் இதன் பறப்பு அழகு: நெடுந்தூரம் நேராகப் போய், மெல்ல வலம் சாய்ந்து, கடைசியில் அழுத்தமாக இடம் திரும்பும். ஆனால் 60, 70 மீட்டர் எறிகிறவர் கையில் அந்த வலச்சாய்வு பிறக்கவே பிறக்காது. கையை விட்டதும் இடப்பக்கம் வளைந்து போய் விழும், அதைவிடக் குறைந்த வேகம் கேட்கும் ஃபேர்வே டிரைவர் போகும் தூரம்கூடப் போகாது. எதிர்காற்றில் இன்னொரு கூத்து நடக்கும். காற்று வேகத்தைக் கூட்டித் தருவதால் வட்டு திடீரென்று சரியாகப் பறப்பதுபோல் தோன்றும். கொஞ்சம் முனை தூக்கி எறிந்திருந்தால் அப்படியே மேலேறி, நின்று, எறிந்தவர் தலைக்குப் பின்னால் போய் விழும். முதல் வட்டாக இதை வாங்கச் சொல்கிறவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். இந்தக் கரையில் நன்றாக எறியத் தெரிந்தவருக்குக்கூட இது வருஷத்தில் சில மாதமே பையில் இருக்க வேண்டிய வட்டு.

எங்கள் முதல் தேர்வு அதே நிறுவனத்தின் டீபேர்ட், 7, 5, 0, 2. ஃபேர்வே டிரைவர். டர்ன் 0 என்பதுதான் இதன் உயிர். அமைதியான காற்றில் நேராகப் போய்க் கடைசியில் இடப்பக்கம் மிதமாக மடியும். எதிரே மிதமான காற்று வந்தால் அந்த 0 சற்றே வலச்சாய்வாக மாறும், கடைசி மடிப்பு அதை ஈடுகட்டும், வட்டு ஏறக்குறைய நேர்க்கோட்டில் போய் இறங்கும். விளிம்பு டெஸ்ட்ராயரைவிடக் குறுகல், விரல்கள் முழுசாக மடங்கும், பிடி உறுதியாக இருக்கும். தவறு செய்தாலும் தவறின் அளவுக்குத்தான் தண்டிக்கும். 60 மீட்டர் எறிகிறவரும் பயன்படுத்தலாம், 110 மீட்டர் எறிகிறவரும் பயன்படுத்தலாம். குறை என்று சொன்னால், பின்காற்றில் மிகவும் முன்னதாகவே விழுந்துவிடும்.

காற்று உண்மையிலேயே முறுக்கும்போது, அதாவது பனை ஓலை சலசலப்பு நிற்காமல் கேட்கும்போது, ஃபயர்பேர்ட் வேண்டும். 9, 3, 0, 4. மிதப்பு குறைவு, மடிப்பு அதிகம். இரண்டுமே சாதாரண நாளில் குறை, கச்சானில் குணம். மிதப்பு குறைந்தால் காற்று தூக்கிக்கொண்டு போக வழி இல்லை. வலப்பக்கம் சாய்க்கப் பார்த்தாலும் வட்டு ஒத்துக்கொள்ளாது. ஃபோர்ஹேண்ட் எறிகிறவர்களுக்கு இதைவிட நம்பகமான வட்டு சொல்வது கடினம், ஏனென்றால் ஃபோர்ஹேண்டில் இயல்பாக வரும் தள்ளாட்டத்தை இது பொறுத்துக்கொள்ளும். கெட்டித் தரையில் விழுந்ததும் இடப்பக்கம் சறுக்கி இன்னும் சில மீட்டர் போகும். வறண்ட கண்மாய்த் தரையில் அந்தச் சறுக்கலையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கடற்கரை உலர் மணலில் சறுக்கல் கிடையாது, விளிம்பு புதைந்து அங்கேயே நிற்கும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல் கண்மாய்த் தரையைப் போலவே நடந்துகொள்ளும், ஒரே கடற்கரையில் இருபது அடிக்குள் இரண்டு வித முடிவு வரும்.

லெபர்டும் (6, 5, -2, 1) சைட்விண்டரும் (9, 5, -3, 1) இதற்கு நேர் எதிர். இலேசாகச் சாய்கிற, எளிதில் மிதக்கிற வட்டுகள். புதுக் கைக்கு அமைதியான காலையில் லெபர்ட் தரும் மகிழ்ச்சியை வேறு எதுவும் தராது. இடப்பக்கம் சாய்த்து விட்டால் தானே நிமிர்ந்து நேராகப் போகும். எதிர்காற்றில் இவை இரண்டையும் பையை விட்டு எடுக்கவே கூடாது. வலப்பக்கம் கவிழ்ந்து, விளிம்பு தரையில் பட்டு, சக்கரம்போல் உருண்டு சீமைக்கருவேலப் புதரில் போய் நிற்கும். பின்காற்றில் ஆட்டம் மாறும். தூக்கு குறையும் அந்தச் சூழலில் மிதப்பும் வலச்சாய்வும் அதிகமுள்ள வட்டுதான் மேலே தங்கும். சைட்விண்டரைச் சற்று உயரமாக விட்டால் காற்று பின்னால் இருந்து தள்ள, டெஸ்ட்ராயரைவிடத் தூரம் போவதும் உண்டு. பின்காற்றுக்கென்றே ஒன்று வைத்துக்கொள்ள விரும்பினால் சைட்விண்டரைவிட லெபர்டையே சொல்வோம், மற்ற நாளிலும் உதவும்.

மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தூர வட்டு வரிசையில் டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் ‘பஸ்’ (5, 4, -1, 1) எல்லோரும் புகழும் வட்டு, புகழுக்கு உரியதுதான். எந்தச் சாய்வில் விட்டாலும் அந்தச் சாய்விலேயே போகும். எறிதலில் என்ன தவறு என்று கண்ணாடிபோல் காட்டுவதால் பழக இதைவிட நல்லது இல்லை. ஆனால் கண்ணாடி காற்றையும் காட்டும். எதிர்காற்று வலுத்தால் வலப்பக்கம் நழுவும். இந்தக் கரைக்கு ரோக்3 (5, 4, 0, 3) கூடுதல் பொருத்தம். பஸ்ஸைவிட முரடு, ஒவ்வொரு தடவையும் கடைசியில் இடப்பக்கம் மடியும் என்பது நிச்சயம், நிச்சயம் தெரிந்தால் குறியைச் சற்று வலப்பக்கம் வைத்துவிடலாம். மாகோ3 (5, 5, 0, 0) காற்றில்லாத சவுக்குத் தோப்புக்குள் மரங்களுக்கு நடுவே நேர்க்கோடு போட ஏற்றது. திறந்த கடற்கரைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

ஒரே ஒரு வட்டு மட்டும் கூடுதலாக வாங்கப் பணம் இருக்கிறது என்றால் டிஸ்கிராஃப்ட் சோன், 4, 3, 0, 3. இது கூடைக்குப் பக்கம் கொண்டு சேர்க்கும் வட்டு. ஆழமில்லாத, தட்டையான வடிவம், கையில் கச்சிதமாக உட்காரும். 30-லிருந்து 60 மீட்டருக்குள் எதிர்காற்றிலும் குறுக்குக்காற்றிலும் இது நிலைகுலைவதில்லை. விழுந்த இடத்தில் அதிகம் நகராது. பெரிய டிரைவருக்குச் செலவழிக்கும் பணத்தை இதற்குச் செலவழித்தால் ஆட்டத்தில் எறிகள் குறைவது முதல் மாதமே தெரியும். தூரம் எறிந்ததைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆனால் காற்றில் எறி எண்ணிக்கையைக் கூட்டுவது கடைசி 50 மீட்டர்தான்.

கூடைக்குப் போடும் பட்டர் வட்டில் அவியார் (2, 3, 0, 1) போதும், இன்னும் ஆராய வேண்டியதில்லை. அதைக் காற்றில் எப்படிப் போடுவது என்பதுதான் விஷயம். கூடையின் விளிம்பு தரையிலிருந்து 82 செ.மீ. உயரம், 6 செ.மீ. கூடக்குறைய இருக்கலாம். அதற்கு மேலே சங்கிலி தொங்கும். எதிர்காற்றில் வட்டு எழும்பும், ஆகவே சங்கிலியின் கீழ்ப்பாதியைக் குறிவைத்து, முனையை ஒரு விரற்கடை கீழே வைத்து, வழக்கத்தைவிட இறுக்கமாகச் சுழற்றிவிட வேண்டும். பின்காற்றில் வட்டு அமுங்கும், குறியைச் சங்கிலியின் மேல்பாதிக்கு உயர்த்த வேண்டும். எதிர்காற்றில் 10 மீட்டருக்கு மேல் இருந்தால் சில சமயம் கூடைக்கு முன்னால் தரையோடு தரையாகப் போட்டுவிட்டு அடுத்ததில் முடிப்பதே கணக்குக்கு நல்லது. சங்கிலியைத் தாண்டிப் பறந்த வட்டைக் காற்று எங்கே உருட்டிக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது.

கூடை இல்லையே என்று நிற்க வேண்டாம். சவுக்குக் கம்பு ஒன்றை நட்டு, தரையிலிருந்து 80 செ.மீ.யில் ஒரு துணி, 140 செ.மீ.யில் ஒரு துணி கட்டி, இடையில் பட்டால் முடிந்தது என்று வைத்து ஆடலாம். 1975-இல் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் அமைத்த முதல் திடலான ஓக் குரோவிலும் தொடக்கத்தில் கம்பங்களே இலக்கு, சங்கிலிக் கூடை பிறகு வந்தது. கூடை வாங்குகிறவர்கள் துத்தநாகப் பூச்சு தடித்த சங்கிலியாகப் பார்த்து வாங்க வேண்டும். வெறும் பெயின்ட் அடித்தது உப்புக்காற்றில் சீக்கிரமே துரு ஏறும், துருப்பிடித்த சங்கிலி இளகி ஆடாது, வட்டைப் பிடித்து நிறுத்தாமல் திருப்பி எறிந்துவிடும்.

குறுக்குக்காற்று எல்லோரையும் குழப்புகிறது. வட்டின் எந்த முகம் காற்றுக்குத் தெரிகிறது என்று பாருங்கள், அவ்வளவுதான். இடவிளிம்பு தாழ்ந்த ஹைசர் சாய்வில் அடிமுகம் வலப்பக்கம் பார்க்கும். காற்று வலமிருந்து வந்தால் அடிமுகத்தில் பட்டுத் தூக்கி இடப்பக்கம் வெகுதூரம் கொண்டுபோகும். இடமிருந்து வந்தால் மேல்முகத்தில் பட்டுத் தரையில் அமுக்கிவிடும். வலவிளிம்பு தாழ்ந்தால் எல்லாம் தலைகீழ். அமுங்குவது தூரத்தைக் குறைக்கும், தூக்குவது வட்டையே தொலைக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால் அமுங்கும் பக்கத்தை எடுங்கள், கடல் பக்கத்தில் இருந்தால் கட்டாயமாக.

எந்தக் காலத்தில் எங்கே எறிவது என்பதும் வட்டைத் தேர்வதோடு சேர்ந்ததே. இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, அரியமான் அந்தப் பக்கம். தெற்கே மன்னார் வளைகுடா. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான். அப்போது அரியமானில் நின்று கடலைப் பார்த்தால் காற்று முதுகில் அடிக்கும், மன்னார் வளைகுடாக் கரையில் முகத்தில் அடிக்கும். மழைக்காலத்தில் வாடை வந்ததும் இது புரளும். பிப்ரவரி, மார்ச்சில் காலை ஆறிலிருந்து ஒன்பது மணிக்குள் காற்று ஓரளவு அடங்கியிருக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று கரைக்கு வரத் தொடங்கும். புது வட்டைப் பழக அந்த மூன்று மணி நேரமே சரியானது. சவுக்குத் தோப்பின் ஓரத்தில் நிற்கும்போது ஏமாறாதீர்கள். நிற்கும் இடத்தில் காற்று இல்லை என்று தோன்றும், மர உச்சி ஆடுகிறதா என்று பாருங்கள். வட்டு தோப்பைத் தாண்டி உயரம் போனதும் வேறு காற்றில் நுழையும். தோளுயரத்திலிருந்து மணலை உதிர்த்துப் பார்ப்பது உங்களைச் சுற்றியுள்ள காற்றை மட்டுமே சொல்லும்.

கடலில் விழுந்த வட்டு மூழ்கும், சாதாரண கோல்ஃப் பிளாஸ்டிக் கடல்நீரைவிடக் கனம். மிதக்கும் வட்டுகளும் இருக்கின்றன. இன்னோவாவின் டிராகன் ஒரு டிரைவர், ஹைட்ரா ஒரு பட்டர், இரண்டும் மிதக்கவென்றே செய்தவை. பிளாஸ்டிக்கில் நுண்குமிழி கலந்த பிளிசார்ட் வகையில் 140 கிராமுக்குக் கீழான சிலவும் மிதக்கும், ஆனால் அவ்வளவு இலேசான வட்டைக் கச்சானில் எறிவது வீண். மிதக்கும் வட்டு வாங்கிவிட்டோம் என்று நிம்மதியடைவதற்கு முன் காற்றுத்திசையைப் பாருங்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் காலத்தில் வட்டு தானாகக் கரைக்கு ஒதுங்கும். அதே காலத்தில் அரியமானில் விழுந்தால் காற்று அதைக் கரையிலிருந்து விலக்கிக்கொண்டே போகும், மிதப்பதால் ஒரு பயனும் இல்லை. அங்கே தண்ணீரைவிட்டுத் தள்ளி நின்று, கரைக்கு இணையாக எறிவதே வழி. வட்டை எடுக்கக் கடலில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள், ஆழமில்லாத மணலில் திருக்கை படுத்திருக்கும். கைக்கு எட்டாததைத் துரத்திக்கொண்டு நீந்த வேண்டாம். ஆனால் எடுக்க முடிந்ததை விட்டுவிட்டு வரவும் கூடாது. வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா, அதில் நாம் போடும் பிளாஸ்டிக் அங்கேயே கிடக்கும்.

பிளாஸ்டிக் வகை பற்றி. ஒரே பெயருள்ள வட்டு இன்னோவாவில் டிஎக்ஸ், ஸ்டார், சாம்பியன் எனப் பல பிளாஸ்டிக்கில் வரும். டிஎக்ஸ் மலிவு, கையில் நன்றாக ஒட்டும், ஆனால் சீக்கிரம் அடிபடும். அடிபட அடிபட வலச்சாய்வு கூடிக்கொண்டே வரும். டிஎக்ஸ் டீபேர்ட் சில மாதத்தில் லெபர்டின் சுபாவத்துக்கு நகர்ந்துவிடும். சாம்பியன் கெட்டி, அடிக்கு அஞ்சாது, புதிதில் மற்ற இரண்டைவிட இடப்பக்கம் கூடுதலாக மடியும். ஸ்டார் நடுவில். இந்தக் கரையில் பிளாஸ்டிக்கைத் தின்பது மணலைவிடக் கரை ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டுகள்தான். மண்டபம் பக்கம் அவற்றில் விழுந்தால் டிஎக்ஸ் விளிம்பில் வெட்டு விழும். வெட்டின் ஓரம் தூக்கி நின்றால் நுண்மணல் தாளால் லேசாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம், போட்டி விதியும் அந்த அளவுக்கு அனுமதிக்கிறது. விளிம்பின் வடிவத்தையே மாற்றும்படி தேய்ப்பதுதான் தடை. டிரைவரையும் ஃபயர்பேர்டையும் சாம்பியனிலோ ஸ்டாரிலோ வாங்கி, அவியாரை மட்டும் டிஎக்ஸில் வாங்குவது கைக்கும் பைக்கும் ஒத்துவரும்.

டிஎக்ஸ் பட்டருக்கு ஓர் எச்சரிக்கை. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் இளகிப் பக்கவாட்டில் வளையும், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்திருந்தால் அந்தச் சாய்விலேயே இறுகிப்போகும். வளைந்த வட்டைச் சூடான நீரில் சில நிமிடம் வைத்து, தட்டையான இடத்தில் கையால் நேராக்கி, குளிர்ந்த நீரில் முக்கினால் பெரும்பாலும் சரியாகும். முழுசாகப் பழைய பறப்பு வரும் என்று சொல்ல முடியாது.

பிடி நழுவுவது இங்கே வட்டின் குறையாகத் தோன்றும், உண்மையில் வியர்வையும் உப்பும் பொடிமணலும் சேர்ந்த வேலை. பெருவிரலுக்கும் வட்டின் மேல்முகத்துக்கும் நடுவில் நாலு மணல் துகள் இருந்தாலே வட்டு முன்னதாக நழுவி இடப்பக்கமோ, பிந்தி விட்டு வலப்பக்கமோ போகும். இரண்டு துண்டு வையுங்கள், ஒன்று ஈரமாக மணலைத் துடைக்க, ஒன்று உலர்ந்ததாகக் கையைத் துடைக்க. ஒரே துண்டில் இரண்டையும் செய்தால் துண்டே மணல் தாளாகிவிடும். வழுக்கும் சாம்பியன் பிளாஸ்டிக்குக்கு இது இன்னும் முக்கியம்.

நிறம் அழகுக்கு மட்டும் என்று நினைத்தால் வட்டு போய்விடும். வெள்ளையும் மஞ்சளும் உலர் மணலில் மறையும். நீலம் கடலில் மறையும். கறுப்பும் கரும்பச்சையும் கரை ஒதுங்கிய கடல்புல் குவியலில் மறையும். இளஞ்சிவப்பும் அடர் ஆரஞ்சும்தான் மணல், கடல், கருவேலப் புதர் மூன்றிலும் கண்ணில் படும். அடிப்பக்கம் அழியா மையில் தொலைபேசி எண் எழுதிவையுங்கள். உடைமரத்திலும் கருவேலத்திலும் மாட்டிய வட்டை எடுக்கத் தொரட்டி ஒன்று கூட வரட்டும், கையை விட்டு எடுக்கப் போனால் முள் விரலில் ஒடிந்து உள்ளேயே நிற்கும். செருப்பையும் அந்த முள் துளைக்கும், தடித்த அடி உள்ள ஷூ வேண்டும்.

வலை காய்கிற, கருவாடு காய்கிற, கரைவலை இழுக்கிற கரையில் எறியக் கூடாது. 70 மீட்டர் போன டிரைவரின் விளிம்பு ஒருவர் நெற்றியில் பட்டால் தையல் போட வேண்டியிருக்கும். வத்தைகளும் வல்லங்களும் ஏற்றி வைத்த இடமும் வேண்டாம். ஞாயிறு மாலை அரியமானும், எந்த நாளும் அரிச்சல்முனையும் ஆளால் நிறைந்திருக்கும், அங்கே பையைத் திறக்கவே வேண்டாம். உள்நாட்டுக் கண்மாய்களில் தண்ணீர் வற்றிய மாதங்களில் வட்டை எந்தப் பக்கமும் எறியலாம். ஆனால் கெட்டித் தரையில் டிஎக்ஸ் வட்டு அடிபடும் வேகமும் அங்கே அதிகம்.

வாங்கிய வட்டு எண்ணில் காட்டியபடி பறக்கிறதா என்று உங்கள் கையாலேயே சோதித்துக்கொள்ள ஒரு வழி. காற்று அடங்கிய காலையில் 60 மீட்டருக்கு ஒரு கம்பு நட்டு, வட்டு ஒன்றுக்கு ஐந்து எறி, முழுவேகத்தில் இல்லாமல் முக்கால் வேகத்தில், தரைக்கு இணையாக. ஒவ்வொன்றும் கம்பிலிருந்து எத்தனை அடி வலம் அல்லது இடம் என்று எழுதுங்கள். பிறகு பதினொரு மணிக்குக் காற்று வந்ததும் அதே கம்புக்கு எதிர்காற்றில் ஐந்து, இடம் மாறி நின்று பின்காற்றில் ஐந்து. ஐந்தில் சிறந்ததையும் மோசமானதையும் தள்ளி நடுவிலுள்ள மூன்றைப் பாருங்கள். காலைக்கும் பதினொரு மணிக்கும் இடையே எந்த வட்டு குறைவாக நகர்ந்ததோ அது பையில் முதலில் இருக்க வேண்டியது. முக்கால் வேகத்தில் எறிந்தும் எதிர்காற்றில் வட்டு மேலேறி நின்றால் முனை தூக்கி எறிகிறீர்கள் என்று அர்த்தம். வட்டை மாற்றாமல், எறியும்போது மணிக்கட்டைச் சற்றுக் கீழே அழுத்தி, சாவியைத் திருப்புவதுபோல் வெளிவிளிம்பை இறக்கி விட்டுப் பாருங்கள். அது சரியான பிறகுதான் டீபேர்டா ஃபயர்பேர்டா என்ற கேள்விக்கு வர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நிழலில் தட்டையாகப் படுக்க வைத்துக் காயவிடுங்கள். உப்புப் படிந்த வட்டை அப்படியே பையில் போட்டால் அடுத்த நாள் காலைப் பனியில் ஈரம் வாங்கிக் கையில் வழுக்கும்.